மெல்ல வரும் மூளை உறைக் காய்ச்சல்

நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற கிருமிகள் மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளைத் தாக்கினால், கடுங்காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு என்று ஓரிரு நாளிலேயே நோயாளி படுத்துவிடுவார். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அதே உறைகளைத் தாக்கும் காசநோய்க் கிருமி அப்படி அவசரப்படுவதில்லை. மாலையில் இலேசான காய்ச்சல், பசியின்மை, விட்டுவிட்டு வரும் தலைவலி, காரணமில்லாத சிடுசிடுப்பு என்று வாரக்கணக்கில் இழுக்கும். பித்தம், வேலைப் பளு என்று எதையாவது சொல்லி, மருந்துக்கடை மாத்திரையிலேயே நாளைக் கடத்திவிட்டு, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்து பேச்சும் குழறிய பிறகு வருகிறவர்களே அதிகம்.

மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால், இந்நோய் என்னிடம் ஒரு சிறு குழாயில்தான் வந்து சேர்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரை முதுகில் ஊசி குத்தி எடுத்து அனுப்புவார்கள். முதலில் சொன்ன கிருமிகளால் சீழ் பிடிக்கும் தொற்றில் அது கலங்கியிருக்கும். காசநோயிலோ பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும், அசைக்காமல் வைத்தால் சில வேளைகளில் உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய படலம் கட்டும். புரதம் ஏறியும் சர்க்கரை இறங்கியும் இருக்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கிருமியைக் காட்டிக்கொடுக்கும் என்றாலும், அந்நீரில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருப்பதால், 'இல்லை' என்று வரும் முடிவை மட்டும் நம்பி மருத்துவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை; அதுவே சரி என்பது என் எண்ணம்.

முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்று கையெழுத்துப் போட மறுக்கும் உறவினர்களும் உண்டு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் மேல்மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செல்வது அதற்கும் கீழே.

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தம்பியூட்டால் ஆகிய நான்கு மருந்துகளையும் முதல் 2 மாதங்கள் சேர்த்துக் கொடுத்து, பிறகு சிலவற்றைத் தொடர்ந்து, மொத்தம் ஓராண்டு வரை கொண்டுசெல்வது இங்குள்ள வழக்கம். இவற்றுடன் தொடக்கத்தில் அழற்சியைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சேர்ப்பது உயிரிழப்பைக் குறைக்கிறது என்பதை வியட்நாமில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூளைக்குள் நீர் தேங்கினால் வடிகுழாய் வைக்க வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனைகளில் மாத்திரைகள் இலவசம்தான். ஆனால் இரண்டு மூன்று மாதங்களில் தலைவலி விட்டு, உடல் தேறியதும், 'இனி எதற்கு' என்று தாமாகவே நிறுத்திவிடுபவர்களிடம் நோய் திரும்ப வருகிறது, சில நேரம் மருந்துக்கு மசியாத கிருமியோடு.