தன் நஞ்சும் தன் குருதியும்: ஒரு நாட்குறிப்பு

2024 ஜனவரி 28

சம்பா அறுவடைக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். இன்று காலை வைக்கோல் போரின் அடியிலிருந்து பாம்பு பிடிப்பவர் ஒரு கண்ணாடி விரியனைக் கம்பியால் இழுத்தபோது, அது சீறிக்கொண்டே திரும்பித் தன் உடலின் நடுப்பகுதியைத் தானே கடித்துக்கொண்டது. பல் பதிந்த இடத்தில், செதில்களுக்கிடையே இரண்டு சிவப்புப் புள்ளிகள் துளிர்த்து நின்றதை நான்கடி தூரத்திலிருந்து தெளிவாகப் பார்த்தேன். பைக்குள் போட்ட பிறகும் வெகுநேரம் அது சீறிக்கொண்டிருந்தது. "அதோட விஷம் அதுக்கே ஏறாதும்மா" என்று பெரியப்பா சொன்னார்.

இதே வகைப் பாம்பு என் அப்பாவைக் கடித்த இரவு நினைவுக்கு வந்தது. மருத்துவமனையில் அவருடைய இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்த்தார்கள். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீரைப் போல வழிந்தது. நச்சுமுறி மருந்து ஏற்றி அவரைக் காப்பாற்றினார்கள். அந்த நஞ்சே தன் குருதியில் கலந்தால் பாம்புக்கு ஏன் அப்படி ஆவதில்லை என்ற கேள்வியை, உயிர்வேதியியல் பாடம் நடத்தும் நான் இத்தனை ஆண்டுகளாக முறையாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரி 30

நஞ்சூட்டிய எலியைப் பாம்பு விழுங்குகிறதே, அதனால் மட்டும் ஒன்றும் ஆகாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்கான விடை பழையது. நஞ்சு இரத்தத்தில் கலந்தால்தான் கொல்லும், விழுங்கினால் கொல்லாது என்பதை இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி 1664லேயே காட்டினார். பெரும்பாலும் புரதங்களாலான பாம்பு நஞ்சு வயிற்றில் செரித்துவிடும். கடித்துக்கொள்வது வேறு விஷயம். அதில் நஞ்சு நேராகத் தசைக்கும் இரத்தத்துக்கும் போகிறது. அதைச் சோதித்தவர் இன்னொரு இத்தாலியரான ஃபெலிச்சே ஃபோன்டானா. விரியனின் நஞ்சு விரியனைக் கொல்வதில்லை என்று 1767இல் வெளிவந்த தன் நூலில் அவர் எழுதினார். ஆனால் காரணம் தெரிய இருநூறு ஆண்டுகள் ஆயின.

பிப்ரவரி 2

ஒகினாவா, அமாமி தீவுகளில் வாழும் ஹாபு என்ற குழிவிரியனின் சீரத்திலிருந்து, அதாவது இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீரிலிருந்து, இரத்தக்கசிவைத் தடுக்கும் ஒரு புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1972இல் பிரித்தெடுத்தார்கள். விரியன் நஞ்சில் துத்தநாக அணுவைப் பற்றிக்கொண்டு இயங்கும் புரதச்சிதைப்பு நொதிகள் இருக்கின்றன. அவை நுண்குழாய்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய அடிச்சவ்வை அறுத்துவிடுவதால்தான் கடிபட்டவரின் திசுக்களுக்குள் இரத்தம் கசிகிறது. ஹாபுவின் குருதியில் சுற்றிவரும் அந்தப் புரதம் இந்த நொதிகளைப் பற்றிப் பிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. பிரேசிலின் ஜராராகா விரியனிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த, 322 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம் கிடைத்தது. அதற்குரிய மரபணுச் செய்தியை ஆய்வாளர்கள் அந்தப் பாம்பின் கல்லீரலிலிருந்து எடுத்தார்கள்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஃபெட்டுயின் என்ற அந்தக் குடும்பத்தின் பெயர்தான். ஃபெட்டுயின் நம் கல்லீரலும் சுரக்கும் புரதம். நம் உடலில் அது கால்சியம் உப்பு கண்ட இடத்தில் படியாமல் பார்த்துக்கொள்கிறது. பாம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் புதிதாக எதையும் தேடிப் போகவில்லை, வீட்டில் இருந்த ஒன்றையே வேறு வேலைக்குப் பழக்கியிருக்கிறது.

பிப்ரவரி 4

தென்னமெரிக்கக் கிலுகிலுப்பை விரியனின் நஞ்சில் குரோட்டாக்சின் என்ற இரட்டை மூலக்கூறு உண்டு. ஒரு பாதி நச்சு நொதி, மறு பாதி அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் துணை. அந்தப் பாம்பின் இரத்தப் புரதம் துணையை விலக்கிவிட்டு, அதன் இடத்தில் தானே போய் நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. இன்று வேறெதுவும் படிக்க நேரமில்லை.

பிப்ரவரி 8

நஞ்சு தலைமுறைதோறும் மாறிக்கொண்டே போகும். இரை எதிர்ப்பாற்றல் பெற்றால் நஞ்சும் புது வடிவம் எடுக்கும். அப்படியானால் பாம்பின் காப்புப் புரதம் அதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது? வட அமெரிக்காவின் மேற்கு வைரமுதுகுக் கிலுகிலுப்பை விரியனைப் பற்றி 2022இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் ஆராய்கிறது. அந்தப் பாம்பிடம் ஃபெட்டுயின் வழிவந்த ஐந்து புரதங்கள் இருக்கின்றன. ஹாபுவிலும் ஜராராகாவிலும் காவல் காக்கும் புரதத்துக்கு நேரான வாரிசு இரண்டாம் எண் புரதம். ஆகவே அதுதான் இங்கும் காவலாளி என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் அது இந்தப் பாம்பின் நொதிகளிடம் ஓரளவுக்குமேல் செல்லுபடியாகவில்லை. மூன்றாம் எண் புரதம்தான் ஏறக்குறைய இருபது வெவ்வேறு நொதிகளைப் பற்றிக்கொள்கிறது, அவற்றின் மூன்று வகைகளையும் தடுக்கிறது. நஞ்சு நொதிகள் பெருகிப் பல்கிய இந்த வழித்தோன்றலில், காவல் பொறுப்பு ஓர் உடன்பிறப்பிடமிருந்து இன்னொன்றிடம் கைமாறியிருக்கிறது.

பெரியப்பாவின் வாக்கியத்தை நான் இப்போது திருத்திச் சொல்வேன். நஞ்சு பாம்பின் உடலிலும் ஏறத்தான் செய்கிறது, ஏறிய பிறகே அது பிடிபடுகிறது. ஒவ்வோர் இனமும் தன் நஞ்சுக்கு ஏற்ற பிடியை வைத்திருக்கிறது, ஆகவே வேற்றினப் பாம்பின் நஞ்சுக்கும் அது போதும் என்று எண்ணிவிட முடியாது.

பிப்ரவரி 11

பெரியப்பாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் புரதத்தையே எடுத்து மனுஷனுக்கு ஊசியாப் போட முடியாதாம்மா?" என்றார். பலவகை நொதிகளைத் தடுப்பதால் அந்த மூன்றாம் புரதம் மருந்தாகப் பயன்படக்கூடும் என்று அதை ஆராய்ந்தவர்களே கருதுகிறார்கள் என்றேன். ஆனால் இன்றைக்கு நமக்கு இருப்பது குதிரையின் உடலில் உருவாக்கிய எதிர்ப்பொருள்தான், ஆகவே கடிபட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்றும் சொன்னேன்.

அடுத்து அவர் கேட்டது நல்ல பாம்பைப் பற்றி. நாகத்தின் நரம்பு நஞ்சு, நரம்பு அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்ளும், தசையின் மேலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் அடைத்துக்கொண்டு மூச்சை நிறுத்துவது. எகிப்திய நாகத்தின் ஏற்பியை 2001இல் ஆராய்ந்தபோது, நஞ்சு வந்து உட்காரும் இடத்திலேயே ஒரு சர்க்கரைச் சங்கிலி நீட்டிக்கொண்டு நின்று அதை உட்கார விடாமல் தடுப்பது தெரிந்தது. கீரியின் ஏற்பியிலும் இதே உத்தி உண்டு. இந்தக் காப்பு இரத்தத்தில் சுற்றிவருவதில்லை, தசையோடு தசையாக இருக்கிறது. "அப்ப அதைக் குப்பியில அடைக்க முடியாது" என்றார் பெரியப்பா. ஆமாம் பெரியப்பா, முடியாது என்றேன்.