கண்மலரும் பொத்தோசி வெள்ளியும்

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த மறுவாரம், திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்குக் கண்மலர் வேண்டிக்கொண்டிருந்ததை அம்மா சொன்னார். தங்கசாலைத் தெருவில் ஒரு வெள்ளிக்கடையில் வாங்கினேன். ஊதினால் பறந்துவிடும் போல மெல்லிய தகடு. இமைக்கு ஒரு கோடு, கருவிழிக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதே தட்டில் கை, கால், தொட்டில் எல்லாம் கிடந்தன. வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களும் இங்கேதான் வாங்குவார்கள் என்றார் கடைக்காரர்.

மெக்சிகோ மாதா கோயில்களிலும் இதே வெள்ளிக் கண், வெள்ளிக் கால்தான். பெயர் மிலாக்ரோ, அதாவது அற்புதம். சில மாதங்களாக அந்தப் பக்கத்து வெள்ளியின் கதையையே படித்துக்கொண்டிருக்கிறேன், படிக்கப் படிக்க மனசு கனக்கிறது. தென் அமெரிக்காவில் பெருவை ஆண்ட இன்காக்களுக்கு வெள்ளி நிலாத் தாயின் உலோகம். 1533-ல் ஸ்பானியர்கள் அவர்களுடைய பொன், வெள்ளிப் பாத்திரங்களைக் கஹமார்காவில் உருக்கிக் கட்டிகளாக்கினார்கள். 1545-ல் இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி மலையில் வெள்ளி கிடைத்தது. 1570களில் ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதியான வைஸ்ராய் தொலேதோ ஆண்டுக்கு சுமார் 13,000 பேரை ஊர் ஊராகக் கணக்கெடுத்துச் சுரங்கத்துக்கு இழுத்தார். அந்தச் சுரங்கங்களின் வெள்ளிதான் மாதா கோயில் பீடங்களிலும் விளக்குத் தண்டுகளிலும் மின்னியது.

அதனால் அங்கே மக்கள் கிறிஸ்தவத்துக்கு மாறியது முழுக்கக் கட்டாயம் என்று முடித்துவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை. தித்திகாக்கா ஏரிக்கரையில், இன்காக்களின் புனிதத் தலமாக இருந்த கோபகபானாவில், 1583-ல் நிறுவப்பட்ட மாதா சிலையைச் செய்தவர் பிரான்சிஸ்கோ தீத்தோ யுபாங்கி என்ற பழங்குடிக் கலைஞர். முதலில் செய்ததைப் பார்த்துக் கேலி செய்தார்கள், அவர் விடவில்லை. பொத்தோசியில் ஓர் ஓவியம் இருக்கிறது, அதில் மாதாவின் அங்கியே வெள்ளி மலை. அந்த மலையை வணங்கிய மக்களின் பழைய பக்தி அந்த அங்கிக்குள் அப்படியே இருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

அந்த வெள்ளி நம் ஊருக்கும் வந்தது. 1807 வாக்கில் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஸ்பானிய டாலர் என்ற வெள்ளி நாணயங்களின் மேலேயே அரை வராகன் முத்திரை அடித்தார்கள். சில நாணயங்களில் அந்த முத்திரையின் கோபுரத்துக்கு அடியில் பழைய ஸ்பானிய எழுத்து இன்னும் மங்கலாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அம்மா கண்மலரை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப்போனார். உண்டியலில் போடும் முன், அப்பாவின் கண்ணில் ஒருமுறை ஒற்றி எடுத்தார்.