மகளின் தடுப்பூசிப் படிவமும் 4/6/07 என்ற தேதியும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மகளுக்கு இடம் கிடைத்து, விசாவும் கைக்கு வந்து, இனிப் பெட்டி கட்டுவது மட்டும்தான் பாக்கி என்று நாங்கள் இருந்தபோது தடுப்பூசிப் படிவம் வந்து சேர்ந்தது. ஆகஸ்டு 1-க்குள் அதை நிறைவு செய்யாவிட்டால் பாடங்களைப் பதிவு செய்ய முடியாது என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருந்தார்கள். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் கிளினிக் இருப்பதால் ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழு வாரம் ஆயிற்று.

மகள் பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் புத்தகத்தைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தேன். காசநோய்க்கான பிசிஜி, மூன்று ஹெப்பட்டைட்டிஸ் பி, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஒரு வயதில் போட்ட எம்எம்ஆர் எல்லாம் அதில் இருந்தன. அவர்கள் கேட்டதோ எம்எம்ஆர் இரண்டு தவணை. தட்டம்மைக்கான அடுத்த ஊசி 2013-இல், அவள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும்போது, சுகாதாரக் குழுவினர் பள்ளிக்கே வந்து போட்டது. பள்ளியில் போடும் ஊசி பள்ளிப் பதிவில்தான் ஏறும், வீட்டிலிருக்கும் புத்தகத்தில் ஏறாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்குப் போனேன், அரசாங்கக் கிளினிக்கில் கேட்கச் சொன்னார்கள். அங்கே ஒன்றரை மணி நேரம் எண் பிடித்துக் காத்திருந்த பிறகு, முகப்பில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலேயே பள்ளியில் கேட்கச் சொன்னார். இரண்டு நாள் விடுப்பு அதிலேயே போயிற்று. கூடுதலாக ஒரு தவணை போட்டுக்கொள்வதால் கெடுதல் இல்லை என்று தனியார் கிளினிக் டாக்டர் சொன்னதால், அந்தப் பதிவைத் தேடுவதை விட்டுவிட்டு ஜூன் 12-ஆம் தேதி புதிதாகவே போட்டுக்கொண்டோம்.

டெட்டனஸ் ஊசியும், மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகோக்கல் ஊசியும் அன்றே முடிந்தன. ஒன்று மட்டும் கவனியுங்கள்: நம் ஊரில் பதினைந்து வயதில் பள்ளியில் போடுவது டெட்டனஸ் மட்டும், அவர்கள் கேட்பது தொண்டை அடைப்பானும் கக்குவானும் சேர்ந்த டிடிஏபி (Tdap). மெனிங்கோகோக்கல் இங்கே உம்ரா என்ற மக்கா புனிதப் பயணம் செல்பவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசி என்பதால் பல தனியார் கிளினிக்குகளில் கிடைக்கும்.

மறுவாரம் காசநோய்ப் பரிசோதனைக்காக ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போனோம். பிறந்ததும் பிசிஜி போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை தவறாக நோய் இருப்பதாகக் காட்டக்கூடும். அதனால் ரத்தப் பரிசோதனையே நல்லது. ஆய்வகத்தில் மகள் கையை நீட்டி, ரப்பர் பட்டையும் கட்டியாகிவிட்டது. அப்போது மிஸி (தாதி), “கடந்த நாலு வாரத்துல ஏதாச்சும் ஊசி போட்டீங்களாம்மா?” என்று கேட்டார். எம்எம்ஆர் என்றதும் பட்டையை அவிழ்த்துவிட்டார். அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி; அதற்குப் பிறகு நான்கு வாரத்துக்குக் காசநோய்ப் பரிசோதனையின் முடிவை நம்ப முடியாதாம். ஊசி போட்ட அன்றே ரத்தம் எடுத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. முழுப் படிவத்தையும் கையில் வாங்கிப் பார்த்த அந்தக் கிளினிக்கில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வந்ததற்கு, படிவம் கேட்ட சின்னம்மை எதிர்ப்பாற்றலுக்காவது ரத்தம் எடுங்கள் என்று கேட்டு எடுக்க வைத்தேன். சின்னம்மை ஊசி நம் நாட்டுத் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. மகளுக்கு நான்காம் ஆண்டில் அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரையும் வீட்டுக்குள் விடாமல், என் மாமியார்தான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். டாக்டரிடம் போகவில்லை, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) இல்லாததால் பள்ளிக்கு நானே கடிதம் எழுதினேன். ஆகவே அவளுக்கு அம்மை வந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடச் சாட்சி இல்லை. தான் பார்க்காத நோய்க்குக் கையெழுத்திட முடியாது என்று டாக்டர் சொன்னதும் நியாயம்தான். ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் இருப்பதாக முடிவு வந்தபோது என் மாமியார் சாமி அறையில் விளக்கேற்றினார்.

நான்கு வாரம் கழித்துக் காசநோய்ப் பரிசோதனையும் முடிந்து, எல்லாவற்றையும் அனுப்பினோம். மூன்றாம் நாள் எம்எம்ஆர் மட்டும் நிராகரிக்கப்பட்டது: முதல் தவணை முதல் பிறந்தநாளுக்கு முன் போடப்பட்டதால் கணக்கில் சேராது என்றார்கள். மகள் பிறந்தது 2006 மே 28. புத்தகத்தை விரித்து அந்த வரியையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீல மையில், சாய்ந்த கையெழுத்தில், 4/6/07 என்று தெளிவாகத்தான் இருந்தது. நமக்கு அது ஜூன் 4. மாதத்தை முதலில் எழுதும் அவர்களுக்கு அது ஏப்ரல் 6. அதைக் கண்டுபிடித்தவள் மகள்தான். விளக்கி இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியும் முதலில் வந்த வாசகமே மறுபடியும் வந்தது. கடைசியில் டாக்டர் எல்லா ஊசிகளையும் ஒரே தாளில், மாதங்களை எழுத்தில் எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தார். ஜூலை 30 இரவு அது ஏற்கப்பட்டது. முதல் நாளே அப்படி ஒரு தாளை வாங்கிவிடுங்கள். புத்தகத்தின் படத்தை அப்படியே அனுப்பாதீர்கள்.

சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016-இல் அட்டவணை மாறியதிலிருந்து இங்கே எம்எம்ஆர் ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் போடப்படுகிறது. ஒன்பதாம் மாத ஊசி நம் பிள்ளைகளைச் சீக்கிரமே காப்பதற்காகப் போடுவது. ஆனால் அமெரிக்காவில் அது தவணையாக எண்ணப்படாது. என் தம்பி மகன் 2017-இல் பிறந்தவன். அவனுக்குப் பள்ளியில் போட்ட ஊசியின் பதிவை இப்போதே கேட்டு வாங்கி, புத்தகத்தோடு வைக்கும்படி தம்பி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.