ஊசிக்கு முன்னால் போன நிமிடங்கள்

தாழங்குடாவில் அந்த வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போதே உள்ளேயிருந்து குரல் கேட்டது: "சிஸ்டர், சீக்கிரம் ஊசி போடுங்க!"

ஐம்பது வயது இருக்கும். திண்ணையில் மல்லாந்து கிடந்தார். ஒருவர் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நெஞ்சின் மேல் யார் கையும் இல்லை. "மூச்சு இருக்குது, இப்பக்கூட ஒரு தடவை இழுத்தாரு" என்றார் அவர் மனைவி. அந்த இழுப்பு மூச்சு இல்லை. இதயம் நின்றபின் சிலருக்குச் சில நிமிடங்கள் கரையில் போட்ட மீன் போல வாய் திறந்து மூடும். பார்ப்பவர்கள் அதை நம்பிக் காத்திருந்துவிடுகிறார்கள்.

ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக, அதாவது வழியிலேயே முதல் சிகிச்சை கொடுப்பவராக, எனக்கு இது ஏழாவது வருடம். கடலூர் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த 'ஊசி' என்ற சொல்லைக் கேட்காமல் இருந்ததில்லை. அதனால் அந்த ஊசியைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

அதன் பெயர் அட்ரினலின். ஒரு சின்ன கண்ணாடிக் குப்பி, அதற்குள் 1 மி.லி., அதில் 1 மில்லிகிராம் மருந்து. அவ்வளவுதான். அன்றைக்கு நான் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன், வண்டி ஓட்டும் பைலட் அண்ணன் மூச்சுப் பையைப் பிடித்தார். இதயத் துடிப்பைக் காட்டும் கருவியை நெஞ்சில் ஒட்டிப் பார்த்தால் ஷாக் கொடுக்கிற மாதிரித் துடிப்பே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அட்ரினலினை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அண்ணனை அழுத்தச் சொல்லிவிட்டு நான் முழங்கை மடிப்பில் நரம்பு தேடினேன். ரத்தம் ஓடாத உடம்பில் நரம்பு சப்பிப்போய்க் கிடக்கும், விரலுக்கு அகப்படாது. இரண்டாவது முறைதான் கிடைத்தது. குப்பியின் கழுத்தை ஒடித்து, மருந்தை ஏற்றி, பின்னாலேயே சலைன் தள்ளி, கையைத் தூக்கிப் பிடித்தேன். நாலு நிமிடம் கழித்து இன்னொரு குப்பி. அதற்கப்புறம் கழுத்தில் நாடி வந்தது. திண்ணையில் இருந்த எல்லோரும் கை கூப்பினார்கள்.

மஞ்சக்குப்பம் ஜி.எச்.சில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஐசியூவில் ஒன்பது நாள் இருந்தார். ஒரு முறைகூடக் கண் திறக்கவில்லை.

இந்த மருந்து கை கால்களில், குடலில் இருக்கும் ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. அதனால் அழுத்தம் ஏறி, நாம் அழுத்தும்போது இதயத்தின் சொந்தத் தமனிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகிறது. நின்ற இதயம் மறுபடி துடிக்க அதுதான் உதவுகிறது. ஆனால் மூளைக்குள் இருக்கும் நுண்குழாய்களில் ஓட்டம் குறைந்துபோகலாம் என்கிறார்கள். அதுவுமல்லாமல், மூளைக்கு நாலைந்து நிமிடம் ரத்தம் போகவில்லை என்றாலே சேதம் தொடங்கிவிடும். போன நிமிடங்களை எந்தக் குப்பியும் திருப்பித் தராது.

பிரிட்டனில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். 5 ஆம்புலன்ஸ் சேவைகள், 8,014 பேர். பாதிப் பேருக்கு அட்ரினலின், மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். முடிவு 2018இல் வந்தது. அட்ரினலின் போட்டவர்களில் நூற்றுக்கு 36 பேருக்கு நாடி திரும்பியது, மற்றவர்களில் 12 பேருக்குத்தான். ஆனால் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் தரப்பில் 3.2 சதவீதம், மற்ற தரப்பில் 2.4 சதவீதம். அப்படிப் பிழைத்தவர்களிலும், மூளை மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் தரப்பில் 31 சதவீதம், மற்ற தரப்பில் 18 சதவீதம் போல. இதை முதன்முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கும் போடுவேன், தாமதிக்காமல் போடுவேன். உயிர் கொஞ்சம் கூடுதலாகப் பிழைக்கிறது என்பதும் அதே சோதனையில்தான் தெரிந்தது. ஆனால் நாங்கள் வந்து சேர எடுத்துக்கொண்ட ஒன்பது நிமிடமும் யாராவது ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்திருந்தால், என் ஊசிக்கு வேலை செய்ய ஒரு நல்ல மூளை மிச்சமிருந்திருக்கும்.

அவர் மனைவியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மகன்தான், பாலிடெக்னிக் படிக்கிற பையன், ஒரு நாள் ஜி.எச். எதிரே டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, நீங்க வர்ற வரைக்கும் நாங்க ஏதாவது பண்ணியிருக்கலாமா?" பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது. சொன்னேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "எங்க ஊர்ப் பசங்களுக்குச் சொல்லித் தர்றீங்களாக்கா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். வலை பின்னும் கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். பழைய வலையைச் சுருட்டிச் சாக்கில் திணித்து, அதைத்தான் ஆளாக வைத்துக்கொண்டோம். தட்டிக் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் முதலில் 108க்குப் போன். உடனே நடு நெஞ்செலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை. 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சை முழுசாக எழ விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். ஒரு பெரியவர் "எலும்பு உடைஞ்சா?" என்று கேட்டார். உடையலாம் ஐயா, உடைந்தால் அப்புறம் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தாதீங்க என்றேன்.

அந்தப் பையன் கடைசியாக வந்து மண்டியிட்டான். முழங்கை மடங்கியது. "நேரா வைடா தம்பி, தோள்ல இருந்து அழுத்து" என்றேன். நேராக்கினான். சத்தமாக எண்ண ஆரம்பித்தான். முப்பது தாண்டியும் நிறுத்தவில்லை. அவன் அம்மா தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றி இருபதில் அவனை எழுப்பிவிட்டு, அவரே சாக்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.