கப்பலில் போன லட்சத்தீவு: கவரத்தி, அப்புறம் மினிக்காய்

கொச்சியில் வந்து இறங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. படுத்தால் கட்டில் இன்னும் ஆடுகிறது. எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்று கேட்ட நண்பர்களுக்காக வரிசையாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் பெர்மிட்.

லட்சத்தீவு நம் நாட்டு யூனியன் பிரதேசம்தான். ஆனாலும் வெளியூர்க்காரர் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. தீவு மக்களில் பெரும்பாலோர் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். அவர்களுடைய நிலத்தையும் வாழ்க்கையையும் காக்க அந்த ஏற்பாடு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் கொச்சியில் நான் நம்பிப்போன ஏஜென்ட் மீது. அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய். அவர் என்னிடம் வாங்கியது 6,000. "அவசர ஃபைல் சார், அதான்" என்றார். ஸ்பான்சர், அதாவது எனக்குப் பொறுப்பேற்ற தீவுக்காரர், கவரத்தியில் இருக்கும் என் கல்லூரி நண்பன். போலீஸ் சான்றிதழுக்கு அலைந்தது நான். வில்லிங்டன் தீவிலுள்ள அலுவலகத்தில் காகிதங்களைக் கொடுத்ததைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. தயவுசெய்து நீங்களே நேரில் போய்க் கொடுங்கள். அந்தப் பணத்தில் நான் இன்னும் நான்கு நாள் தங்கியிருப்பேன்.

கப்பலில் பங்க் வகுப்பு (அடுக்குப் படுக்கை) போதும். மறுநாள் கவரத்தி கண்ணுக்குத் தெரிந்தபோது கப்பல் பவளப்பாறைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. ஒரு படகு வந்து பக்கத்தில் ஒட்டியது. அலை படகைத் தூக்கும் நொடியில் கதவிலிருந்து கால் வைக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல இறங்கிப் போனார். என்னை இரண்டு பேர் கையைப் பிடித்து இறக்கினார்கள்.

மொத்தம் 36 தீவுகளில் 10 தீவுகளில்தான் ஆள்கள் வாழ்கிறார்கள். எல்லா நிலத்தையும் சேர்த்தாலும் 32 சதுர கி.மீ. சொச்சம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 64,473. தலைநகரான கவரத்தியே 6 கி.மீ. நீளம் வராது, சைக்கிளில் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டேன். ஆறு கிடையாது, மலை கிடையாது. மண்ணுக்கடியில் மழைநீர் மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. அதிகம் இறைத்தால் கிணறு உப்பாகிவிடும்.

அப்படியானால் குடிக்கும் தண்ணீர்? இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. சென்னையில் நான் தினமும் தாண்டிப்போகும் பள்ளிக்கரணையில் இருக்கிறதே தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், அவர்கள் 2005இல் கவரத்தியில் அமைத்த ஆலை நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தருகிறது. மேலே உள்ள வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த தொட்டியில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் குளிர்ந்த நீரைக் கொண்டு அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். அப்புறம் மினிக்காயிலும் அகத்தியிலும் அமைத்தார்கள். இத்தனை வருஷம் அந்த வாசலைத் தாண்டிப் போயும் இது எனக்குத் தெரியாது.

நண்பனின் உம்மா போட்ட சாப்பாட்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அன்று காலையில் பிடித்த சூரை மீன். பாதி வறுவல், பாதி தேங்காய் அரைத்த குழம்பு. "தின்னு மோனே" என்று மூன்று முறை சோறு போட்டார். கடைசியில் தேங்காய்த்துருவலும் தென்னங்கருப்பட்டியும் சேர்த்து உருட்டிய உண்டை. கொச்சியில் 400 ரூபாய் கொடுத்துச் சாப்பிட்ட மீன் சாப்பாடு இதன் பக்கத்தில்கூட நிற்காது.

சாப்பிட்டபடியே நண்பன் வீட்டுக் கதை சொன்னான். இங்கே பரம்பரைச் சொத்து தாய்வழியில் போகிறது. அதற்குப் பெயர் வெள்ளியாழ்ச்ச சொத்து. ஒருவர் தானே சம்பாதித்தது திங்களாழ்ச்ச சொத்து. முஸ்லிம் சமூகத்தில் தரவாடு என்கிற தாய்வழிக் கூட்டுக்குடும்பம் இவ்வளவு உறுதியாக நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மினிக்காய்க்கு மறுபடி கப்பல். சுமார் 250 கி.மீ. தெற்கே, ஒன்பது டிகிரி கால்வாய் என்கிற அகலமான கடற்பகுதியைத் தாண்டி. அங்கே என் நண்பனே வெளியூர்க்காரன் ஆகிவிட்டான். அவன் வீட்டில் பேசுவது மலையாளத்துக்கு நெருக்கமான ஜெசரி. மினிக்காயில் பேசுவது மாலத்தீவு மொழியின் உறவான மஹல். எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது. இந்தியும் மலையாளமும் கலந்து சமாளித்தோம். 1885ஆம் வருஷத்துக் கலங்கரை விளக்கத்தில் மூச்சு வாங்க ஏறினால் நீலமும் பச்சையுமாகக் காயல் மொத்தமும் கண்முன்னால் விரிகிறது.

சூரையை இங்கே வலை போட்டுப் பிடிப்பதில்லை. உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் வீசி, தண்ணீரைத் தெளித்துக் கூட்டத்தை வரவழைத்து, கழியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். தேவையில்லாத மீன் சாவதில்லை. பிடித்ததை அவித்து, புகை போட்டு, காயவைத்தால் மாசி. ஒவ்வொரு ஊருக்கும் தலைவராக ஒரு மூப்பன், பெண்களுக்கு ஒரு மூப்பத்தி. படகு, கல்யாணம், ஊர்வேலை எல்லாம் ஊர்வீட்டில் கூடிப் பேசித்தான் முடிவாகிறது.

இதைப் பார்த்துவிட்டு மேலே நடக்கும் ஆட்சியைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. 1956 வரை இந்தத் தீவுகள் சென்னை மாநிலத்தில் இருந்தன. யூனியன் பிரதேசமான பிறகும் 1964 வரை கோழிக்கோட்டிலிருந்துதான் நிர்வாகம் நடந்தது. இன்றைக்கும் சட்டமன்றம் கிடையாது. குடியரசுத் தலைவர் நியமிக்கும் நிர்வாகிதான் ஆள்கிறார். மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு எம்.பி. 1967 முதல் பத்து முறை ஜெயித்த பி.எம். சயீத் 2004இல் தோற்றது 71 ஓட்டில். ஓட்டுக்கு அவ்வளவு மதிப்புள்ள ஊர். 2021இல் நிலம், பஞ்சாயத்து பற்றிய வரைவு விதிகள் வந்தபோது, அவற்றை எதிர்த்து ஜூன் 7 அன்று வீடு வீடாக 12 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். நண்பனின் உம்மாவும் இருந்தார். கூடிப் பேசி முடிவெடுக்கத் தெரிந்த மக்களுக்கு ஒரு சட்டமன்றம் கொடுக்க என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவே இல்லை.

செலவுப் பட்டியல் போடுவதாகச் சொன்னேன், தனியாக எழுதுகிறேன். போவதென்றால் மே மாதத்துக்கு முன்னால் போங்கள். மழைக்காலத்தில் கடல் படகை விடாது. கையில் மிச்சமிருந்த 900 ரூபாய்க்கும் மாசி வாங்கி வந்தேன். நேற்று அம்மா அதைத் தட்டித் தேங்காயோடு துவையல் அரைத்தார்.