பங்குனி ஆமைகளோடு ஒரு பருவம்

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, கடலோரமாக ஏறத்தாழ 7 கிலோமீட்டர். நள்ளிரவையொட்டிக் கிளம்பினால் நடந்து முடிக்க விடியற்காலை ஆகிவிடும். டார்ச் அடிக்கக் கூடாது, வெளிச்சம் கண்டால், முட்டையிட வரும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) கரையேறாது. 1970களில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் சென்னைக் கரையில் தொடங்கிய, முட்டைகளைத் தேடிக் காக்கும் இந்த ஆமை நடையை 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு நடத்தி வருகிறது. வார இறுதிகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். 2025 ஜனவரியில் நானும் போய்ச் சேர்ந்தேன்.

கார்த்திகையில் அப்பா தவறியதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் பார்த்துவந்த மனநல ஆலோசகர், "ராத்திரியில் தனியாகப் படுத்துக் கிடக்காதீர்கள், நாலு பேரோடு உடம்பு அலுக்க ஏதாவது செய்யுங்கள்" என்றார். ராத்திரியில் அப்படி என்ன செய்வது என்று தேடியபோதுதான் இந்த நடை கண்ணில் பட்டது. அவரிடம் போவதை நான் நிறுத்தவில்லை. கடற்கரை நடை ஆலோசகருக்கு மாற்று இல்லை.

அமைதி கிடைக்கும் என்று நினைத்துப் போன எனக்கு முதலில் கண்ணில் பட்டவை செத்த ஆமைகள். அந்த ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கடலாமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்று விதி இருக்கிறது. வலையில் ஆமை தப்பிக்க வழிவிடும் கருவியும் இருக்கிறது. இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே எத்தனையோ ஆமைகள் பிழைக்கும்.

திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கூட வந்த பிள்ளைகள் ஒவ்வொரு உடலிடமும் நின்றார்கள், ஓட்டின் நீளத்தை அளந்தார்கள், நோட்டில் குறித்தார்கள். சிலர் அழுதார்கள், அழுதபடியே நடந்தார்கள். வீட்டில் அம்மா முன்னால் அழக் கூடாது என்று அடக்கி வைத்திருந்த எனக்கு, அந்தக் கூட்டத்தில் அடக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அப்புறம் ஒரு குப்பத்துப் பெரியவர். படகோரம் உட்கார்ந்திருந்தவர், மொட்டையடித்து அரைகுறையாக வளர்ந்திருந்த என் தலையைப் பார்த்துவிட்டு, "அப்பாவா, அம்மாவா தம்பி?" என்றார். அலுவலகத்தில் யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. அப்பா என்றேன். பக்கத்தில் உட்காரச் சொல்லி, என்ன வியாதி, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எல்லாம் கேட்டார். அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். எழும்போது, வடக்கே கொஞ்ச தூரத்தில் தடம் ஒன்று கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்.

அவர் சொன்ன இடத்தில்தான் என் முதல் கூட்டைப் பார்த்தேன். துடுப்புக்கால் தடங்கள் கடலிலிருந்து ஏறி, மணல் கலைந்திருந்த இடம் வரை வந்து, மறுபடி கடலுக்கே திரும்பியிருந்தன. அந்த மணலில் மெல்லிய கோலால் குத்திப் பார்ப்பார்கள். முட்டைக்குழிக்கு மேல் கோல் சட்டென்று இறங்கும். பிறகு கையால்தான் தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்து குறுகி வயிறு அகன்ற குழி. நூற்றுக்கும் மேல் முட்டைகள், ஒவ்வொன்றும் டேபிள் டென்னிஸ் பந்து அளவு, ஓடு தோல்போல மெத்தென்று. அவற்றைக் குலுக்காமல், சில மணி நேரத்துக்குள், முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கவைக்கும் பொரிப்பிடத்துக்குக் கொண்டுபோய் அதே அளவுக் குழியில் புதைக்க வேண்டும். முட்டையைக் கையில் வைத்திருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. பல வாரங்களுக்குப் பிறகு என் மனம் சும்மா இருந்தது அப்போதுதான். வீட்டுக்கு வந்து மதியம் வரை தூங்கினேன்.

பிப்ரவரியிலும் தூக்கம் முழுதாகச் சரியாகவில்லை. நடை இல்லாத இரவுகளில் பழையபடி புரண்டேன். ஆனால் அடுத்த சனிக்கிழமைக்கு என்னை எதிர்பார்க்க ஆட்கள் இருந்தார்கள்.

முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். மார்ச் கடைசியில் குஞ்சுகள் வரத் தொடங்கியதும் அம்மாவை அழைத்துப் போனேன். காரியம் முடிந்ததிலிருந்து அவர் தெருவைத் தாண்டியதில்லை. குஞ்சுகளைத் தண்ணீரில் விடுவதில்லை, மணலில் விட்டு அவையே கடலுக்கு நடந்து போகட்டும் என்று காத்திருப்பார்கள். தெருவிளக்கைப் பார்த்து ஒன்று ஊர்ப் பக்கம் திரும்பியது. அம்மா பதறிப்போய், "அந்த விளக்கை யாராவது அணையுங்களேன்" என்று அங்கிருந்த எல்லோரையும் பார்த்துக் கத்தினார். அடுத்த வாரம் எப்போது என்று அவரேதான் கேட்டார்.

கோல் குத்தி முட்டைக்குழியைக் கண்டுபிடிப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை. வரும் ஜனவரியில் அதைப் பழக வேண்டும். பல பருவங்கள் நடந்த அக்கா ஒருவர் சொல்லித்தருவதாகச் சொல்லியிருக்கிறார்.