நாய்க்கு இருபது நிமிஷம், நமக்கு அஞ்சு நாள்

போன ஆவணியில் எங்கள் ஊரில் நாய்களுக்குக் கருத்தடை முகாம் நடந்தது. அதைக் கேட்டு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் "எப்படிக்கா பண்ணீங்க, யாரைப் பிடிச்சீங்க" என்று விசாரித்துக்கொண்டே இருப்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். நாங்கள் இருப்பது ஏற்காட்டில் நாகலூர் தாண்டி உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். ரோட்டோரம் எங்களுக்கு டீக்கடை. நான் பிறந்தது சேலம் அம்மாப்பேட்டை, கட்டிக்கொண்டு மலைக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. நாய் என்றால் எனக்குப் பெரிய பிரியம் எல்லாம் கிடையாது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பம் கருப்பிதான். கடை வாசலில் கிடக்கிற பொட்டை நாய். போன மாசியில் நாலாவது தடவையாகக் குட்டி போட்டது, கடைப் பலகைக்கு அடியிலேயே ஆறு குட்டி. திருவிழாவுக்கு வந்திருந்த என் நாத்தனார் பையன், ஏழு வயசு, பந்தை எடுக்கக் கையை உள்ளே விட்டுவிட்டான். கருப்பி ஒரே கவ்வு. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, காயத்தில் காபித் தூளை அப்பினோம். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டுத் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது, சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுவதுதான் முதல் வைத்தியமாம். அன்றைக்கு ஒரு ஊசி, அப்புறம் 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். நாலு நடை, நாலு நாள் கடைச் சாத்து.

குட்டி போட்ட நாய் கடிக்காமல் என்ன செய்யும் என்று அத்தை மட்டும் (என் மாமியார்) கருப்பி பக்கம் பேசினார்கள். வீட்டுக்காரர் வேறு மாதிரி. "குட்டியோட சேர்த்துக் கோணியில போட்டு மலைக்குக் கீழ குப்பனூர்ப் பக்கம் எறக்கி விட்டுட்டு வந்துடறேன்" என்று நின்றார். அதுதான் எங்கள் ஊரில் காலங்காலமாக நடக்கிற வழி. ஆனால் கீழே இருக்கிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள், காரில் ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி மேலே வந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். கழுத்தில் பட்டையோடு ஒரு லாப்ரடார் எங்கள் கடைக்கு எதிரே மழையில் ரெண்டு நாள் நின்றது, போகிற ஒவ்வொரு வெள்ளைக் கார் பின்னாலும் ஓடி ஓடித் திரும்பி வந்தது. நாம் கீழே விட, அவர்கள் மேலே விட, நாய்கள் மட்டும் குறையவே இல்லை.

சேலத்தில் படிக்கிற என் பெண்தான் தன் காலேஜ் தோழி மூலமாக ஒரு குழுவைப் பிடித்துக் கொடுத்தாள். டாக்டர்களும் படிக்கிற பிள்ளைகளும் லீவு நாளில் சொந்தச் செலவில் ஊர் ஊராகப் போய்ச் செய்கிறார்கள், விலங்கு நல வாரிய அங்கீகாரம் எல்லாம் முறையாக வைத்திருக்கிறார்கள். போனை எடுத்ததும் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எங்களைத்தான் கேள்வி கேட்டார்கள். மொத்தம் எத்தனை நாய்? அதில் பொட்டை எத்தனை, கடுவன் எத்தனை? எது கர்ப்பம், எது பால் கொடுக்கிறது? ஊராட்சியில் கடிதம் வாங்கித் தர முடியுமா? தண்ணீர், கரண்டு, கழுவிவிடுகிற மாதிரி தரை உள்ள கூடம் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலே, ஆபரேஷன் முடிந்த பிறகு நாலைந்து நாள் மழை படாமல் நாய்களை வைக்க இடம் உண்டா?

ஒன்றுக்கும் பதில் இல்லை. சரி என்று பெண்ணின் பழைய நோட்டில் வீடு வீடாகப் போய் எழுதினேன். மூன்று மாலை ஆனது. 31 நாய், அதில் 19 பொட்டை. வீட்டு நாய் எது, தெரு நாய் எது என்று பிரிக்கத்தான் முடியவில்லை. "அது எங்க நாய்தான், சோறு மட்டும் நீங்க போடறீங்க" என்று ஒரு அக்கா என்னிடமே சொன்னார்.

நோட்டோடு போனபோதுதான் ஊர் வாய் திறந்தது. பெரிய சண்டை கடுவன்களுக்குத்தான். மாட்டுக்குக் காயடிப்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை, நாய்க்கு என்றதும் ஏதோ தங்களுக்கே செய்யப் போகிற மாதிரி ஆம்பளைகள் முகம் மாறிவிட்டது. "காயடிச்சுட்டா பன்னியை எவன் தொரத்துவான்" என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி, ராத்திரியில் காட்டுப் பன்றி இறங்கினால் பலாவும் கிழங்கும் போச்சு, எங்களுக்கு நாய்தான் வேலி. டாக்டரிடம் போனில் கேட்டேன், காவல் காக்கிற குணம் அதனால் போகாது, பொட்டை பின்னால் ஊர் ஊராகச் சுற்றுவதும் அதற்காகக் கடித்துக்கொள்வதும்தான் குறையும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். கடுவனை மட்டும் செய்து பிரயோஜனம் இல்லை, ஒன்று பாக்கி இருந்தாலும் ஊரில் உள்ள அத்தனை பொட்டையும் சினையாகிவிடும், அதனால் முதலில் பொட்டைகளைப் பிடியுங்கள். நாய் சீசன் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் ஆவணி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எங்கள் ரோட்டில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். சினை பிடித்தால் 63 நாள்தான், அப்புறம் பலகைக்கு அடியில் ஆறு.

நாய்களை வைக்க இடம் கொடுத்தவர் பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி. காபிப் பழம் கார்த்திகைக்கு மேல்தான் வரும், ஆவணியில் குடோன் காலி. தார்ப்பாய், மூங்கில் தட்டி, பழைய மீன் வலை வைத்து இருபது தடுப்பு கட்டினோம்.

முகாமுக்கு முந்தின ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்த நாய்க்கும் ஒரு பருக்கை போடக் கூடாது என்று பத்துத் தடவை சொல்லியிருந்தார்கள். நானும் ஊரெல்லாம் போய்ச் சொன்னேன். என் வீட்டில் சொல்ல மறந்தேன். காலையில் கருப்பியைக் கூட்டிக்கொண்டு சமுதாயக் கூடத்துக்குப் போகிறேன், பின்னாலேயே அத்தை வந்து டாக்டரம்மாவிடம், "பயப்படாதீங்க கண்ணு, பசியோட அனுப்பல, நாலு மணிக்கே ஒரு உருண்டை களி போட்டுட்டேன்" என்றார்கள். அந்த டாக்டரம்மா நாமக்கல் பெண், என் பெண்ணைவிட ஆறேழு வயசுதான் அதிகம் இருக்கும், தலையில் கை வைத்துக்கொண்டது. மயக்க ஊசி போட்டால் வாந்தி வரும், வயிற்றில் களி இருந்து அது மூச்சுக் குழாயில் போய்விட்டால் பிழைக்காது. ஊரைத் திரட்டினவள் நாயே முதல் நாள் லிஸ்டில் இல்லை. அன்று முழுக்க எல்லோரும் என்னைக் "களியக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

தெரு நாய்களைப் பிடிக்க வலையோடு ரெண்டு பேர் சேலத்திலிருந்து வந்திருந்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தார்கள். முதல் நாய் வலையில் விழுந்து போட்ட சத்தத்தில் மிச்ச நாய்கள் எல்லாம் சவுக்கு மரத்துக்குள்ளே ஓடிவிட்டன, அவற்றைத் திரும்ப வரவழைக்க மதியம் ஆகிவிட்டது. என்னைக் கேட்டால், வலை கடைசி ஆயுதமாக இருக்க வேண்டும். ஒரு வாரம் முன்பிருந்தே ஒரே இடத்தில், ஒரே ஆள், ஒரே நேரத்தில் சோறு வைத்துப் பழக்கியிருந்தால் பாதி நாய்கள் கைக்கே வந்திருக்கும்.

ஊசி மருந்து எடைக்குத் தகுந்த மாதிரி. அதற்கு எடை மிஷின் வேண்டும் என்றதும் வீட்டுக்காரர் மிளகு மூட்டை போடுகிற தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். கருப்பி 14 கிலோ 200. "மிளகா இருந்தா இன்னேரம் கடன் அடைஞ்சிருக்கும்" என்று அவருக்கே உரிய ஜோக் ஒன்று.

ரெண்டாம் நாள் கருப்பியின் முறை வந்தபோது ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். வயிற்று முடியை மழித்து, மஞ்சளாக மருந்து தடவி, பச்சைத் துணி போர்த்தி, நடுவில் இரண்டு விரல் அகல வெட்டுதான். நம்மூரில் பெண்களுக்குச் செய்கிற மாதிரி குழாயை முடிச்சுப் போடுவது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையுமே எடுத்துவிடுகிறார்கள். சினைப்பை இருந்தால் சீசன் வரும், கடுவன்கள் கூடும், சண்டை ஓயாது. வெளியே எடுத்தபோது பார்த்தேன், பையன்கள் குருவி அடிக்கிற கவட்டை மாதிரியே இரண்டாகப் பிரிந்து இருந்தது. இவ்வளவு மெல்லிசுக்குள் ஆறு குட்டி. கடைசியில் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு, இது ஆபரேஷன் ஆன நாய் என்று தூரத்திலிருந்தே தெரிய. கூடவே வெறிநாய்த் தடுப்பூசி. இருபது நிமிஷத்துக்குள் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கொடுத்திருந்த வேலை மயக்கம் தெளிகிற இடம். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மயக்கத்தில் நாய் கண்ணை மூடாது. திறந்த கண்ணோடு, இமைக்காமல், செத்தது மாதிரியே கிடக்கும், காய்ந்துவிடாமல் இருக்க மருந்து விட வேண்டும். நாக்கைப் பக்கவாட்டில் வெளியே இழுத்துவிட்டு அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ரோஜா நிறமாக இருந்தால் சரி, வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ கத்த வேண்டும். விலா ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி எங்கள் ஊர்க் குளிர். மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது. வெளியே பனிமூட்டம், தூறல், சிமெண்டுத் தரை ஐஸாக இருக்கிறது. பேப்பர், அதன் மேல் கோணி, அதன் மேல் நாய், மேலே இன்னொரு கோணி. அப்படியும் ஒரு குட்டை நாய்க்கு உடம்பு சில்லென்று ஆகிவிட்டது, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த தம்பி முகம் சுருங்கியது. அப்போதுதான் கடை பாய்லர் ஞாபகம் வந்தது. காலித் தண்ணீர் பாட்டில்களில் வெந்நீர் பிடித்து, துணி சுற்றி, தொடை இடுக்கிலும் முதுகு ஓரத்திலும் வைத்தோம். வெறும் பாட்டிலை வைத்தால் தோல் வெந்துவிடும், நாய்க்கு அப்போது சொல்லத் தெரியாது. முக்கால் மணி நேரம் கழித்து அந்தக் குட்டையன் வாலை ஒரு அசைப்பு அசைத்தான். டூரிஸ்ட்கள் வீசிவிட்டுப் போகிற பாட்டிலைப் பொறுக்கும்போதெல்லாம் திட்டுவேன், அன்றைக்குத் திட்டவில்லை.

தெளிகிறபோது சில நாய்கள் ஊளையிடும், காலை உதறும், பக்கத்தில் இருப்பது யார் என்று தெரியாமல் வாயை வைக்கும். அதனால் ரெண்டு நாயைச் சேர்த்துப் படுக்கவைக்கக் கூடாது. அன்று ராத்திரிதான் கொஞ்சம் தயிர்சாதம், அதுவும் நன்றாக நிற்கிற நாய்க்கு மட்டும்.

இடையில் கரண்டு போனது, மலையில் காற்று அடித்தால் அது வழக்கம்தான். ஜெனரேட்டர் ஆள் வர இருபது நிமிஷம், அதுவரை மூன்று செல்போன் டார்ச்சில் தையல் போட்டார்கள்.

டாக்டர்கள் ரெண்டாம் நாள் சாயங்காலம் கிளம்பிவிட்டார்கள், ஒரு பயிற்சி டாக்டர் தம்பி மட்டும் தங்கினார். அதன் பிறகு குடோன் எங்கள் பொறுப்பு. மூத்திர நாற்றம், குரைப்பு, காலையும் மாலையும் கழுவுதல், மாத்திரையைக் கோழிக் கறித் துண்டில் ஒளித்துக் கொடுப்பது, ஈ மொய்க்காமல் ஸ்பிரே அடிப்பது. மாத்திரையை மட்டும் துப்பிவிட்டுக் கறியைத் தின்கிற நாய் ஒன்று இருந்தது. மேலத்தெரு நாய் ஒன்று தையலை நக்கி நக்கிப் பிரித்துவிட்டது, தம்பி திரும்பத் தைத்துக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினார். கூம்பு தீர்ந்த பிறகு வீட்டுக்காரருடைய பழைய பனியன்கள் போயின, முன்னங்கால் ரெண்டையும் கை ஓட்டையில் விட்டு முதுகில் முடிச்சு. முகாம் இலவசம்தான், ஆனால் அரிசி, கோழி, டீசல், பினாயில் என்று ஊர் வசூலில் மூவாயிரத்துக்கு மேல் ஆனது. இதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அஞ்சாம் நாள் ஒவ்வொன்றையும் பிடித்த இடத்திலேயே விட்டோம். "இவ்வளவு செலவு பண்ணிட்டு மறுபடியும் இங்கயேவா" என்று ஒருவர் சத்தம் போட்டார். சட்டமே அப்படித்தான், 2001இல் வந்த விதிகளும் சரி, 2023இல் வந்த புது விதிகளும் சரி, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. காரணம் எங்கள் ரோட்டிலேயே கண்ணெதிரே இருக்கிறது. நாலு நாயை அப்புறப்படுத்தினால் டூரிஸ்ட் போடுகிற எச்சில் பொட்டலத்துக்கு வேறு நாலு நாய் வரும், ஆபரேஷனும் ஆகாத, ஊசியும் போடாத நாலு.

31இல் 23 முடிந்தது. மூன்று பால் கொடுத்துக்கொண்டிருந்தன, அவற்றைத் தொடவில்லை. ரெண்டு ரொம்பச் சின்னக் குட்டி. மூன்று கையில் சிக்கவே இல்லை. இந்த மார்கழியில் கடை வாசலில் ஒரு சண்டை இல்லை, கருப்பி பலகை மேலே ஏறிப் படுத்துத் தூங்கினாள், கொஞ்சம் சதையும் போட்டிருக்கிறாள். பன்றி விரட்டுவதில் கடுவன்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. போன மாசம்தான் கிழங்குத் தோட்டத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஊரையே எழுப்பிவிட்டார்கள்.

சிக்காத மூன்றில் ஒன்று வெள்ளச்சி. தை கடைசியில் சவுக்குத் தோப்புக்குள் குட்டி போட்டிருக்கிறது, நாலோ அஞ்சோ. குட்டிகளுக்கு ரெண்டு மாசமாவது ஆகட்டும், தாயைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று நாமக்கல் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே கல் மேல் நான்தான் சோறு வைக்கிறேன், அத்தையை அந்தப் பக்கம் விடுவதில்லை. முதல் வாரம் நான் திரும்பிக் கடைக்கு வந்த பிறகுதான் வந்து தின்னும். நேற்று நான் நிற்கும்போதே வந்தது, ஒரு கை தூரம் இருக்கும்.